சபைக்கு வெளியே நின்ற வண்டி

நைனா,

இன்று ஷிப்ட் முடிந்து வரும்போது ரேணிகுண்டா பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நகராமல் நின்றுவிட்டன. எனக்கு முன்னால் நடுவயதுக்காரர் ஒருவர். புது வண்டி, நம்பர் பிளேட்கூட இன்னும் மாட்டவில்லை. கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். வண்டி உறுமியது, நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றம் கிளம்பியது. கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், யாரோ தெலுங்கில் திட்டினார்கள். எனக்கு ஹாரன் அடிக்கக்கூடத் தெம்பில்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்த நாற்றத்தை முழுசாக இழுத்துக்கொண்டேன். காய்ந்த ஏரியின் நடுவில், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் வண்டிமேல் நீ உட்கார்ந்திருந்தது கண்முன் வந்து நின்றது.

நீ போய் இரண்டு மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான் விடவில்லை. பழைய மரங்களில் பாதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். நான் அதே ஃபேக்டரி, அதே புத்தூர் ரோடு. காலையில் போகிறேன், சாயங்காலம் வருகிறேன். களைப்பு என்று சொன்னால் தூங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். தூங்கினாலும் போகாத களைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. இருந்தபோதே உனக்கு அந்த விஷயம் புரியாது. ஆனால் புரிந்த மாதிரி நடிக்காமல் கேட்டுக்கொண்டிருக்க உன்னால் முடிந்தது.

திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தபோது எனக்குக் காமாலை வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்குத் தெரிந்தால் பயப்படுவீர்கள் என்று சொல்லாமல் ஹாஸ்டல் அறையிலேயே கிடந்தேன். பக்கத்துக் கட்டில் பையன் கிறிஸ்தவன், சபைக்குப் போகிறவன். தினமும் சாயங்காலம் என் தலைமாட்டில் உட்கார்ந்து, தனக்குள் முணுமுணுத்துக்கொள்கிற மாதிரி ஜெபம் செய்வான். ஜெபத்தால் காமாலை இறங்கியது என்று நான் சொன்னதே இல்லை. அது இறங்க வேண்டிய நாளில்தான் இறங்கியது. ஆனால் ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாத நேரத்தில், என் கூட ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துத் தெரிந்துகொண்டதில்லை. வெயில் படும்போது உடம்புக்குத் தெரியுமே, அப்படி.

ஊருக்கு வந்து அதைச் சொல்லி, இனிச் சபைக்குப் போகிறேன் என்றபோது அம்மா அழுதாள். நீ மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாய்.

“அங்க இன்னாடா கண்ட நீ?” என்று கேட்டாய்.

“கண்ணால ஒன்னும் பாக்கல நைனா. யாரோ கூட கீற மாதிரி இருந்துச்சி. இப்பவும் கூடவே கீது.”

“ஏன், நாங்க இல்லியா கூட?”

நீ தவிட்டுக் கையை உதறிவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டாய். அதன்பிறகு ஒரு வருஷம்போல நாம் மழையைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

வேலை கிடைத்து நான் பழைய வண்டி ஒன்று வாங்கியபோதுகூட நீ அதில் ஏற மாட்டேன் என்றாய். பின்னால் உட்காரக்கூட மறுத்தாய். “எனுக்கு சைக்கிள் போதும். அது நான் சொன்னா நிக்கும்” என்பாய். அப்புறம் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. நகரிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், நம் ஊர் பஸ் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. நான் டூட்டிக்குப் போய்விட்ட ஒரு நாள், அவளை சைக்கிளில் உட்காரவைத்து நகரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் வந்திருக்கிறாய். அன்று சாயங்காலம் நான் வந்ததும் வாசலில் நின்று சொன்னாய்: “எனுக்கு வண்டி கத்துக்குடு.”

ஏரி அந்தக் கோடையில் சுத்தமாகக் காய்ந்திருந்தது. முதல் வாரம் முழுக்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கிளட்சைப் பிடி, கியரை மிதி, கிளட்சை மெதுவாக விடு, கூடவே ஆக்சிலேட்டர் கொடு. நீ எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாய், ஒரு வார்த்தை பிசகாமல். உட்கார்ந்தால் வண்டி தூக்கிப்போட்டு நின்றுவிடும். இல்லையென்றால் கிளட்சை விடவே மாட்டாய். வண்டி உறுமும், பிளேட் கருகும், நாற்றம் கரை வரைக்கும் அடிக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“உடு நைனா, கிளட்ச உடு!”

“உட்டா போயிடும்டா!”

“போறதுக்குத்தான நைனா வண்டி!”

அன்றைக்கு என்ன ஆனதோ, நீ விட்டாய். வண்டி கிளம்பியது. நான் கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன், அப்புறம் முடியவில்லை. நீ இரண்டாவது கியரையும் போட்டாய். ஏரி முழுக்கப் பெரிய வட்டமாகச் சுற்றினாய். சட்டை முதுகில் உப்பிக்கொண்டு பறந்தது. இரண்டு சுற்று, மூன்று சுற்று, நிறுத்தவே இல்லை. சந்தோஷத்தில் சுற்றுகிறாய் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போகும்போதுதான் கத்தினாய்: “எப்பிடிடா நிறுத்தறது?”

நிறுத்தி இறங்கி, வெடித்த மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ரொம்ப நேரம் சிரித்தாய். சிரித்து ஓய்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: “நீ சொன்னதெல்லாம் சரிதான்டா. ஆனா நீ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பது ஊர் அம்மனுக்கு ஜாத்திரைத் திருவிழா வந்தபோதுதான் தெரிந்தது. கும்பம் எடுக்கும் முறை அந்த வருஷம் நம் வீட்டுக்கு. நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா பங்காளிகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே கதவோரம் நின்றிருந்தேன்.

“புள்ளைய அடக்கி வெய்யி. இல்லன்னா வூட்ட உட்டு அனுப்பு. ரெண்டுல ஒன்னு இப்பவே சொல்லு” என்றார்.

நீ துண்டை மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய்.

“இவன் எனுக்கு வண்டி கத்துக்குடுத்தான் அண்ணா. ஒரு வாரம் வாயால சொன்னான். அத்தனியும் மனப்பாடம் பண்ணிக்கினேன். ஒன்னும் வர்ல. அப்பால ஏறி ஒக்காந்து, வண்டி நவுந்தப்போதான் இன்னான்னு தெரிஞ்சிச்சி. அத்த இப்போ நீ கேட்டினா, நானும் வாயாலதான் சொல்லணும். இவன் எதிலியோ ஏறி ஒக்காந்துகினு போறான். நான் அதுல ஏறல. ஏறாத வண்டியப் பத்தி நான் இன்னா பேசறது சொல்லு?”

“வண்டியும் சாமியும் ஒன்னாடா?” பெரியப்பா எழுந்தே விட்டார்.

“ஒன்னில்ல. எனுக்குத் தெரிஞ்சது வண்டிதான்.”

கும்பத்தைப் பெரியப்பா மகன் எடுத்தான். நீ வழக்கம்போல முன்னால் நின்று கற்பூரம் காட்டினாய். பங்காளிகளில் பாதிப் பேர் உன்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, “துன்னுடா, ஆறுது” என்றாய், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எனக்கு விபத்து. புத்தூர் வளைவில் மங்கலான நேரத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று நீ பிடிவாதமாகப் புத்தூர்க் கட்டுதான் போடவைத்தாய். மூங்கில் பத்தை வைத்து, பச்சிலை அரைத்துக் கட்டி, காலை மரக்கட்டை மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தேன். சபையிலிருந்து ஆரம்பத்தில் வந்தார்கள், பாடினார்கள். அப்புறம் அவரவர் வேலை. நானும் மெல்லச் சுருங்கிப்போனேன். பைபிளைத் தலைமாட்டில் வைத்திருப்பேன், திறக்க மாட்டேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முண்டாசு கட்டிக்கொண்டு வண்டியை வாசலில் கிளப்பி நிறுத்தினாய். வண்டியின் முன்பக்கம் இன்னும் நசுங்கியபடியே இருந்தது.

“ஏறு.”

“எங்க நைனா?”

“உன் கோயிலுக்குத்தான். வேற எங்க போவ நீ ஞாயித்துக்கெழம?”

அம்மாவும் நீயுமாக என்னைத் தூக்கி உட்காரவைத்தீர்கள். கட்டுப் போட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீ இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. சைக்கிள்காரர்கள் நம்மைத் தாண்டிப் போனார்கள். சபை வாசலில் இரண்டு பேர் வந்து என்னைத் தாங்கிக்கொண்டார்கள். உன்னையும் உள்ளே வரச் சொன்னார்கள். “நான் ஓட்டிக்கினு வந்தவன், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு, எதிரில் இருந்த டீக்கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாய்.

அப்படி எத்தனை ஞாயிறுகள்! கால் சேரும் வரைக்கும் ஒரு வாரம்கூட நீ தவறவிடவில்லை. ஜன்னல் வழியாக உன் முண்டாசு எனக்குத் தெரியும். டீக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பாய், இல்லையென்றால் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஜாத்திரை சமயத்தில் நீ பெரியப்பாவிடம் சொன்னதை நான் ஒருமுறை பாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் ஒரு ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். வண்டியைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் ஓட்டினவனுக்குத்தான் தெரியும், தேவனும் அப்படித்தான், இன்னொருவர் சொல்லிக் கேட்டு அறிய முடியாது என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. சொன்னவன் நீ. நீ வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வாரம் பெரிய மழை. டீக்கடைக் கூரை ஒழுகியிருக்கிறது. நீ ஓடிவந்து சபை வராந்தாவில் ஒதுங்கினாய். உள்ளே தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். நீ ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கைகட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். பாட்டு முடிகிற வரைக்கும் நீ அசையவில்லை. வா, வா என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கடவுளைக் கூப்பிட்டேனா உன்னைக் கூப்பிட்டேனா, தெரியாது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. முதுகுப் பக்கமிருந்து கேட்டேன்.

“எப்பிடி இருந்துச்சி நைனா?”

“பாட்டு நல்லா கீது.”

“அதில்ல நைனா. உனுக்கு எதுனா...”

நீ வண்டியை இன்னும் மெதுவாக்கி ஓட்டினாய். எனக்காகவே தேடிப் பார்த்தாய் என்று நினைக்கிறேன்.

“எனுக்கு ஒன்னும் வர்லடா. வந்தா நல்லா இருக்கும்னு நின்னு பாத்தேன். வர்ல. வராதத வந்துச்சின்னு சொல்லக் கூடாதுல்ல?”

அப்போது எனக்கு அழுகை வந்தது. நீ திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் நான் உட்கார்ந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

உன் நோய் நீண்ட நாள் இழுக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தபோதே முற்றியிருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரி வார்டில் உன் கட்டில் ஜன்னலோரம். மலை தெரியும். நீ அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாய், பிறகு என்னைப் பார்த்து, “நீ உன்னுத பண்ணு” என்பாய். நான் உன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஜெபிப்பேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் நீயே பேச்செடுத்தாய்.

“கொள்ளி யாரு வெப்பான்னு உன் பெரியப்பன் கேக்கறான்.”

நான் தரையைப் பார்த்தேன். சபையில் அதைச் செய்யக் கூடாது என்பார்கள். செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றும் தெரியும். ஆனால் அந்த இரண்டைவிடவும் எனக்குப் பயமாக இருந்தது, நீ என்ன கேட்கப்போகிறாய் என்பதுதான். நீ கேட்டால் நான் செய்துவிடுவேன்.

“என் கண்ணு, அத்த அண்ணன் பையன் பண்ணட்டும். எனுக்காக நீ பொய்யா ஒன்னும் செய்யாத. ஆனா தூக்கறப்போ தோள் குடு. அதுல இந்தச் சாமி அந்தச் சாமின்னு ஒன்னும் இல்ல.”

தோள் கொடுத்தேன் நைனா. வீட்டு வாசலில் தூக்கினவன் சுடுகாடு வரைக்கும் மாற்றவில்லை. மற்ற மூன்று பக்கமும் ஆள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஏரிக்கரை ஏற்றத்தில் பழைய முறிவு நோக ஆரம்பித்தது, நொண்டினேன். ஜாத்திரைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாத பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“குட்றா இங்க. கால் நோவுதுல்ல உனுக்கு.”

“பரவால்ல பெரிப்பா.”

அவர் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் தன் தோளையும் மூங்கிலுக்கு அடியில் கொடுத்தார். அந்த வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசி வரைக்கும் அப்படியே வந்தார். அவர் மகன் கொள்ளி வைத்தான். நான் தள்ளி நின்றேன். பெரியப்பாவும் நானும் அழுதுகொண்டிருந்தோம், அவர் அங்கே, நான் இங்கே.

அதற்கடுத்த வாரம் சபைக்குப் போனேன். ஜெபம் முடிந்து வெளியே வரும்போது வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவர். என் கால் முறிந்தபோது நமக்கு முட்டை கொடுத்தனுப்பினவர். “உங்க நைனா ரட்சிக்கப்பட்டாரா பாபு?” என்று கேட்டார். சாகும் முன்னால் நீ இயேசுவை ஏற்றுக்கொண்டாயா என்று அர்த்தம்; அன்பாகத்தான் கேட்டார். நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். பாஸ்டரிடம் போய் அதையே கேட்டேன். அவர், “எனக்குத் தெரியாது தம்பி” என்றார். அதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன்.

ஆனால் அங்கிருந்துதான் இந்தக் களைப்பு தொடங்கியது. எங்கள் சபையில் ஜெபம் தெலுங்கில். கடவுளை ‘நாயனா’, அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்; நான் உன்னைக் கூப்பிடுகிற அதே சொல். அந்தச் சொல்லில் வந்து என் ஜெபம் நின்றுவிடுகிறது. ஹாஸ்டல் அறையில் அன்று கூட இருந்த ஆள் இப்போது இல்லை. பாடுகிறேன், காணிக்கைப் பை பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறேன், நாற்காலி அடுக்குகிறேன். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. உன்னை வெளியே நிற்கவைத்த வீட்டுக்குள் என்னால் எப்படி உட்கார முடியும் என்று ஒரு நாள் தோன்றும். நீ மழையில் ஒதுங்கிய வராந்தாவும் அந்த வீட்டைச் சேர்ந்ததுதானே என்று இன்னொரு நாள் தோன்றும். இரண்டுமே என்னைத் தூங்கவிடுவதில்லை.

போன மாதம் சாட்சி சொல்ல என் பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனியில் இருந்தது. தேவன் என்னை நடத்திவந்தார், தாங்கிவந்தார், துதி. மைக்கைப் பிடித்தேன். வராததை வந்தது என்று சொல்லக் கூடாது என்று நீ சொன்னது என்னை நிறுத்திவிட்டது.

“எங்க நைனா போன நாள்லருந்து எனக்கு ஒன்னும் தெரியல. ஜெபம் பண்றேன், பதில் வர்ல. வருதுன்னு இங்க நின்னு சொல்ல என்னால முடியாது. ஆனா வாரா வாரம் வந்துக்கினுதான் கீறேன்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தெலுங்கில் சொல்ல வேண்டும் என்பதுகூட மறந்துபோய் நம் ஊர்த் தமிழில் சொல்லியிருக்கிறேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து வண்டியைத் திருப்பும்போது அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தார், அன்று கேள்வி கேட்ட அதே அம்மா. ஏதாவது வசனம் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் அப்படித்தான் பாபு. எங்க வீட்டுக்காரர் போனதுலருந்து. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அவர் வீடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி. ஏறுங்கள் என்றேன். அவர் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தார். இப்போது எல்லா ஞாயிறும் அவரை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன்.

களைப்பு தீர்ந்துவிட்டது என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தீரவில்லை. அன்று வந்தது பொய்யில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஓட்டினவனுக்குத் தெரிகிற மாதிரி. இப்போது வரவில்லை என்பதும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தினமும் போய்வருகிறேன். காலையில் புத்தூர் தாண்டினால் ரோடு காலியாக இருக்கும். ஹெல்மெட்டுக்குள் பேசினால் யாருக்கும் கேட்காது. நேற்று அங்கே என்னையறியாமல் வாய்விட்டு, “நாயனா” என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சொல் தடங்கலில்லாமல் வந்தது. ஜெபத்தைத்தான் தொடங்கினேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்து என் வாயில் வந்தது, “அம்மாவுக்கு முழங்கால் தேவலியா ஆவணும், மழ வேணும், மரம் காயுது” என்று உன்னிடம் சொல்கிற பேச்சு. யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தவும் இல்லை. ரேணிகுண்டா வரும்வரைக்கும் பேசிக்கொண்டே போனேன்.